ஆராயாமல் அளித்த தீர்ப்பு

1921ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 5ஆம் திகதி ஆங்கில உதைபந்தாட்டச் சங்கத்தின் பேரவை கூடி ஒரு தீர்மானம் நிறைவேற்றிற்று. உதைபந்தாட்டம் பெண்களுக்குச் சற்றும் பொருந்தாத விளையாட்டு. அதனை ஊக்குவித்தல் ஆகாது. ஆதலின் சங்கத்தைச் சேர்ந்த கழகங்கள் யாவும் தங்கள் மைதானங்களைப் பெண்களின் ஆட்டங்களுக்குக் கொடாது மறுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். தருமத்துக்கென வசூலாகும் பணத்தில் மிகையான பங்கு செலவுக்கே போய்விடுகிறதென்ற குறையும் அதிற் சொல்லப்பட்டிருந்தது. பணக் கணக்கை விட்டுவிடுவோம். என் கவனத்தை ஈர்த்தது வேறொரு சொல். பெண்களுக்கு இவ்வாட்டம் ஒவ்வாது என்பதைப் பேரவையினர் தங்களுடைய உறுதியான அபிப்பிராயம் என்றே கூறினர். யாரை, எப்பொழுது, எவ்வாறு பரிசோதித்து அம்முடிவுக்கு வந்தார்கள் என்பதற்குத் தீர்மானத்தில் ஒரு வரிதானும் இல்லை.

அதற்கு ஓராண்டின் முன், 1920ஆம் ஆண்டு நத்தார் விடுமுறையில், லிவர்பூல் நகரத்துக் குடிசன் பார்க் மைதானத்தில் இரண்டு பெண்கள் குழுக்கள் ஆடிய ஆட்டத்தைக் காண 53,000 பேர் கூடியிருந்தனர். இடமின்றித் திரும்பியோர் பல்லாயிரவர். வென்ற குழு பிரெஸ்டன் நகரத்து டிக்-கேர் தொழிற்சாலைப் பெண்களுடையது. முதலாம் உலகப் போரின்போது, ஆண்கள் போர்முனை சென்றபின், வெடிகுண்டு செய்யும் வேலையை ஏற்றுச் செய்தவர்கள் அவர்கள். குண்டு வார்க்கும்போது தாங்கிய உடம்பு பந்தை உதைக்கும்போது மட்டும் தாங்காதென்று கண்டுபிடித்த மதிநுட்பத்தை என்னென்பது! அக்குழுவிற் பதினைந்து வயதளவிற் சேர்ந்த லிலி பார் என்னும் பெண், 1951 வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் ஆடினார். பிழைப்புக்கு அவர் பார்த்த தொழில் மனநோய் வைத்தியசாலையொன்றில் தாதி வேலை. நோயாளரைத் தூக்கிக் கிடத்துவதற்கும் அவருடைய உடம்பு பொருந்தியே இருந்தது.

வைத்தியர்களும் அன்று சும்மா இருக்கவில்லை. லண்டன் ஹார்லி வீதியிற் புகழ்பெற்று விளங்கிய மேரி ஷார்லீப் என்னும் பெண் வைத்தியர், இவ்விளையாட்டு மிகவும் பொருத்தமற்றது, பெண்ணின் தேகக்கட்டு தாங்கக்கூடியதற்கு மேற்பட்டது என்று அபிப்பிராயம் வழங்கினார். இந்த அம்மையாரின் பெயர் நமக்கு அந்நியமானதன்று. பெண்கள் வைத்தியம் படிக்கலாமா என்று உலகம் வாதாடிக்கொண்டிருந்த காலத்தில், 1875இல், சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த முதற் பெண்கள் நால்வருள் அவர் ஒருவர். ஆண் வைத்தியரிடம் செல்ல மறுத்து மடிந்துகொண்டிருந்த கோஷாப் பெண்களுக்கெனச் சென்னையில் 1885இல் வைத்தியசாலை கண்டவரும் அவரே. பெண்ணுக்கு இது ஆகாது என்ற பொதுத் தீர்ப்பைத் தம் வாழ்நாளிலேயே பொய்யாக்கியவர், இன்னொரு பொதுத் தீர்ப்புக்குத் தம் கையாலேயே முத்திரை இட்டார். அவரைப் பழிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்முன் வைக்கப்பட்ட ஆராய்ச்சி எதுவும் அன்று இருக்கவில்லை. எல்லோரும் நினைத்ததையே அவரும் நினைத்தார்.

கோவலன் வழக்கை விசாரியாது முடித்த பாண்டியன், உண்மை தெரிந்த மாத்திரத்தே அரியணையில் உயிர்துறந்தான் என்று சிலப்பதிகாரம் சொல்லும். ஆங்கிலச் சங்கத்தாருக்கு அத்தனை அவசரம் இருக்கவில்லை. தடையை நீக்கவே ஏறத்தாழ அரை நூற்றாண்டு சென்றது; மன்னிப்புக் கேட்க 2008 வரை சென்றது. ஜேர்மானியச் சங்கம் 1955இல் விதித்த தடையை 1970இல் நீக்கியபோதும், பெண்கள் முப்பது முப்பது நிமிடங்களே ஆடலாம், அடியிற் குமிழ் வைத்த சப்பாத்து அணியலாகாது என்று நிபந்தனை போட்டது. பிரேசில் நாட்டில் 1941இல் அரசாங்கமே சட்டமியற்றித் தடுத்தது. 1979 வரை அது நீடித்தது.

தடைகளின் சரித்திரத்தைப் பலர் எழுதிவிட்டனர். அத்தடைகள் நீங்கிய பின்னரும் நீங்காத ஒரு விளைவைப் பற்றியே யான் எழுதப் புகுந்தேன். பெண்கள் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்த அதே ஐம்பது ஆண்டுகளிலேதான் விளையாட்டு வைத்தியம் ஒரு தனித்துறையாக வளர்ந்தது. எவ்வளவு ஓடலாம், எதை உண்ண வேண்டும், எக்காயம் எத்தனை நாளில் ஆறும், சப்பாத்தின் அடிப்பாகம் எவ்வாறு அமையவேண்டும் என்பன யாவும் ஆண்களின் உடம்பை அளந்து எழுதப்பட்டன. பின்னர் பெண்கள் வந்து சேர்ந்தபோது, அந்த அளவுகளே சற்றுச் சுருக்கி அவர்களிடம் கொடுக்கப்பட்டன.

இது மிகையென்று தோன்றலாம். 2014 முதல் 2020 வரை விளையாட்டு விஞ்ஞானச் சஞ்சிகைகளில் வெளியான 5,261 ஆய்வுகளை ஒரு குழுவினர் 2021இற் கணக்கெடுத்தனர். ஆராயப்பட்டவர்களில் நூற்றுக்கு 34 பேரே பெண்கள். ஆண்களை மட்டும் ஆராய்ந்த கட்டுரைகள் நூற்றுக்கு 31. பெண்களை மட்டும் ஆராய்ந்தவை நூற்றுக்கு 6. பெண்களைச் சேர்த்துக்கொள்ளாமைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம், மாதந்தோறும் மாறும் உடல்நிலை கணக்கைச் சிக்கலாக்கிவிடும் என்பது. அந்தச் சிக்கலை அறிவதற்குத்தானே ஆராய்ச்சி வேண்டும்?

சப்பாத்தையே எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கழகங்களின் சங்கம் 2023இல் வெளியிட்ட விசாரணையில், முதல்தரக் கழகங்களில் ஆடும் பெண்களில் நூற்றுக்கு 82 பேர் தம் சப்பாத்தினால் நோவோ இடைஞ்சலோ உண்டென்று கூறினர். பெண்ணின் பாதம் ஆணின் பாதத்தினது சிறிய பிரதியன்று. குதிப்பக்கம் ஒடுங்கியும், முன்பாதம் அதற்கேற்ப அகன்றும், உள்வளைவு உயர்ந்தும் இருப்பது வழக்கம். ஊதியம் பெற்று ஆடும் வீராங்கனையர் நிலை இதுவானால் மற்றவர்களைச் சொல்லவேண்டியதில்லை.

இனி, இவ்விஷயத்தில் எல்லாரும் பேசும் முழங்காலுக்கு வருகிறேன். தொடையெலும்பையும் கணைக்கால் எலும்பையும் முழங்காலின் நடுவே குறுக்காகப் பிணைத்து நிற்கும் நார்கள் இரண்டு உண்டு. அவற்றுள் முன்னதை வைத்தியர்கள் ஏ.சி.எல். என்று மூன்றெழுத்தாற் சுருக்கி வழங்குவர். ஓடி வந்தவர் சடுதியாகத் திரும்பும்போதும், துள்ளிக் கீழே இறங்கும்போதும் கணைக்கால் முன்னோக்கி நழுவிவிடாமற் பிடித்திருப்பது அச்சிறு நாரே. அது அறுபடும் தருணங்கள் பலவற்றில் எதிரியின் உதையும் இல்லை, மோதலும் இல்லை. தனியே ஓடுகிறாள், தனியே திரும்புகிறாள், ‘படக்’கென்று ஓர் ஒலி, விழுகிறாள். அறுந்த நார் தானாகப் பழையபடி பொருந்துவது அரிது. சத்திரசிகிச்சை, ஊன்றுகோல், மீண்டும் நடை பழகல், பின் ஓட்டம் பழகல் என்று ஒன்பது மாதமோ ஓராண்டோ சென்றுவிடும்.

இந்த நார் அறுபடும் வாய்ப்புப் பெண்களுக்கு ஆண்களிலும் இரண்டு மூன்று மடங்கு அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2022 நவம்பருக்கும் 2023 மே மாதத்துக்கும் இடையில் லண்டன் ஆர்சனல் கழகம் ஒன்றிலேயே பெத் மீட், விவியான் மீடமா, லியா வில்லியம்சன், லோரா வீன்ரோய்தர் என்னும் நால்வருக்கு அது அறுந்தது. முதல்வர் 2022 ஐரோப்பியக் கிண்ணத்தின் தலைசிறந்த ஆட்டக்காரி. மூன்றாமவர் அக்கிண்ணத்தை வென்ற இங்கிலாந்தின் தலைவி. 2023 உலகக் கிண்ண இறுதியாட்டத்தில் இங்கிலாந்து ஸ்பெயினிடம் தோற்றபோது இவ்விருவரும் களத்தில் இல்லை. ஸ்பெயினின் அலெக்சியா புத்தெயாஸ் 2022 ஐரோப்பியக் கிண்ணத்தை இதே காயத்தால் இழந்தவர். அவுஸ்திரேலியாவின் சாம் கெர் 2024 ஜனவரியில் இதே காயத்தால் வீழ்ந்தார்.

இவர்கள் யாவரும் புகழ்பெற்றவர்கள். அவர்களைத் தாங்கச் சிறந்த வைத்தியர்கள் உளர். என்னை உண்மையில் வருத்தியது வேறு. சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் சிலர், பன்னிரண்டு ஆண்டுகளின் முன் இந்நார் அறுந்துபோன உதைபந்தாட்டப் பெண்கள் நூற்றுவருக்கு மேற்பட்டோரைத் தேடி விசாரித்து 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். அப்பொழுது அவர்களது சராசரி வயது 31. எக்ஸ்றே படம் பிடிக்கப்பட்டோரிற் பாதிப்பேருக்கு மூட்டுத் தேய்வு கண்டிருந்தது. நம் பாட்டிமார் அறுபது வயதில் எண்ணெய் பூசித் தடவிக்கொள்ளும் முழங்கால், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியேற வேண்டிய வயதிலே அவர்களுக்கு வந்துவிட்டது. பதினாறு வயதில் ஒரு மாலைப்பொழுதில் ஏற்பட்ட காயத்தின் விலை அதுவென்றால், அதை விளையாட்டுச் செய்தியாக மட்டும் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட மனம் வருமா?

ஏன் பெண்களுக்கு அதிகம்? இடுப்பெலும்பு அகன்றிருப்பதால் தொடை உள்நோக்கிச் சாய்கிறது என்பர் சிலர். மாதச் சுழற்சியின்போது ஊறும் ஓமோன்கள் நார்களைத் தளர்த்துகின்றன என்பர் வேறு சிலர். இரண்டிலும் உண்மையின் கூறு இருக்கலாம். ஆயின் இவ்விடத்தில் வாசகர் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். 1921இற் சொன்னதும் இதுதானே? அன்று பெண்ணுடல் ஒவ்வாது என்றார்கள்; இன்று அதே குற்றச்சாட்டு இடுப்பு, ஓமோன் என்ற புதிய ஆடை அணிந்து வருகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. ஜோஆன் பார்சன்ஸ், ஸ்டெபனி கோவன், ஷெரி பெக்கர் என்னும் மூன்று பெண் ஆய்வாளர் 2021இல் எழுதிய கட்டுரை ஒன்று இவ்வையத்தையே முறையாக எடுத்துப் பேசுகிறது. பெண் பிள்ளை சிறுவயதில் மரமேறவும் மதில் தாண்டவும் விடப்பட்டாளா, பாரம் தூக்கித் தசையை வலுப்படுத்தும் பயிற்சி அவளுக்கு எவ்வயதில் கிடைத்தது, அவள் ஆடும் தரை எத்தகையது, அவளுடைய குழுவுக்கு வைத்தியத் துணை உண்டா என்பனவும் காயத்தின் காரணங்களாக ஆராயப்பட வேண்டும் என்பது அவர்கள் வாதம். இடுப்பெலும்பை மாற்ற எவராலும் இயலாது. தரையை மாற்றலாம், பயிற்சியை மாற்றலாம்.

மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு ஊகம் வேண்டியதில்லை. சுவீடன் நாட்டில் 2009ஆம் ஆண்டுப் பருவத்தில் 12 முதல் 17 வயது வரையுள்ள 4,564 சிறுமியரைக் கொண்டு ஒரு பெரிய சோதனை நடத்தினர். 230 கழகங்கள் பங்குபற்றின. ஒரு பகுதிக் கழகங்களுக்கு ‘முழங்காற் கட்டுப்பாடு’ எனப் பொருள்படும் பெயருடைய பயிற்சி கற்பிக்கப்பட்டது. மறுபகுதியினர் வழக்கம்போல ஆடினர். பயிற்சி என்றால் பெரிய யந்திரங்கள் எதுவும் இல்லை. ஒற்றைக்காலில் நின்று முழங்காலை மடித்து எழுதல், மல்லாந்து கிடந்து இடுப்பை உயர்த்துதல், இருகாலிற் குந்தி எழுதல், முழங்கையூன்றி உடலைப் பலகைபோல் நிறுத்துதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், துள்ளி மெத்தென இறங்குதல் ஆகிய ஆறே ஆறு. வாரம் இருமுறை, முறைக்குக் கால் மணி நேரம். செய்யும்போது முழங்கால் உள்நோக்கி மடியாமல் பாதத்துக்கு நேரே நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். அதுதான் அதன் உயிர்நிலை.

பருவம் முடிந்து கணக்குப் பார்த்தபோது, பயிற்சி செய்த 2,479 பேரில் எழுவருக்கும், செய்யாத 2,085 பேரிற் பதினால்வருக்கும் முன்நார் அறுந்திருந்தது. தொகை வேறுபாட்டையும் பிறவற்றையும் சீர்செய்து பார்த்து, ஆபத்து நூற்றுக்கு 64 வீதம் குறைந்ததென்று முடிவு கட்டினர். பயிற்சியை ஒழுங்காகச் செய்தவர்கள் பெற்ற பயன் இன்னும் அதிகம். 2012இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் இது வெளிவந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, நோர்வே நாட்டில் 1,892 சிறுமியரிடம் இதையொத்த பயிற்சியொன்றைச் சோதித்து, கடுங்காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன என்று அதே சஞ்சிகையில் எழுதியிருந்தனர். ‘பதினொன்று கூட்டல்’ என்ற அப்பயிற்சியின் கைந்நூலை உலக உதைபந்தாட்டச் சம்மேளனமே வெளியிட்டது.

ஆராய்ச்சி போதாது என்று முறையிடுவோர் பலர். அம்முறைப்பாட்டில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் ஆராய்ந்து கண்டதை மைதானத்துக்குக் கொண்டுபோகாத குற்றத்துக்கு என்ன பெயர்? பயிற்சியாளர் பலர் இதைக் கேள்விப்பட்டும் செய்வதில்லை. அல்லது இரண்டு வாரம் செய்துவிட்டு, பந்து பழக நேரம் போதவில்லை என்று கைவிடுகின்றனர்.

தலையைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 2019இல் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார், முன்னாளில் ஊதியத்துக்கு ஆடிய ஸ்கொட்லாந்து ஆட்டக்காரர் 7,676 பேரின் மரணக் குறிப்புகளை ஆராய்ந்து, மூளைச் சிதைவு நோய்களால் இறத்தல் அவர்களிடையே மற்றையோரிலும் மூன்றரை மடங்கு என்று கண்டனர். உலகமே பேசிய ஆய்வு. 7,676 பேரும் ஆண்கள். அதற்கு முந்திய ஆண்டு நியூயோர்க் நகரத்து ஆராய்ச்சியாளர், வயதாலும் பந்தைத் தலையால் முட்டிய எண்ணிக்கையாலும் ஒத்த 49 ஆண்களையும் 49 பெண்களையும் எடுத்து மூளையைப் படம் பிடித்தனர். ஆண்களின் மூளையில் மூன்று பகுதிகளிலும் பெண்களின் மூளையில் எட்டுப் பகுதிகளிலும் மாற்றம் காணப்பட்டது. 98 பேரைக் கொண்டு உறுதியான முடிவு கட்டலாகாது. அதனால்தான் இன்னும் பலரை ஆராய வேண்டியிருக்கிறது. 1999 உலகக் கிண்ண இறுதியில் 90,000 பேர் முன்னிலையில் வெற்றிக்கான உதையை உதைத்த அமெரிக்க வீராங்கனை பிராண்டி சாஸ்டெய்ன், தாம் இறந்தபின் தமது மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுப்பதாக 2016இல் அறிவித்தார். ஆராய்வதற்குப் பெண்களின் மூளைகள் கிடைப்பது அத்துணை அரிதாயிருந்தது.

மாதவிடாயைப் பற்றி ஒரு வாரமலரில் எழுதுவதா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சுளித்துச் சுளித்தே இத்தனை காலம் போயிற்று. செல்சி கழகத்தின் பயிற்சியாளராயிருந்த எமா ஹேய்ஸ் அம்மையார், தம் ஆட்டக்காரிகளின் மாதச் சுழற்சியைக் குறித்துவைத்துப் பயிற்சியை அமைக்கத் தொடங்கியது 2020இற் செய்தியாயிற்று. அதற்குமுன் அவ்வளவு பெரிய கழகங்களிலும் அதைக் கேட்பாரில்லை. 2023இல் இங்கிலாந்துப் பெண்கள் குழு வெள்ளைக் காற்சட்டையை விட்டு நீலத்துக்கு மாறிற்று; ஆட்டக்காரிகள் பலகாலம் சொல்லிவந்த சங்கடம் ஒருவாறு செவியேறியது. ஆயினும் இத்துறையிற் கடைச்சரக்கும் மலிந்துவிட்டது. இன்ன நாளில் இன்ன பயிற்சி என்று அட்டவணை விற்போர் சொல்லும் அளவுக்குச் சான்று இன்னும் திரளவில்லை. இங்கிலாந்தின் தேசியக் குழுக்களில் ஆடிய 113 பெண்களின் காயங்களை நான்கு ஆண்டுகள் குறித்துவைத்த ஆய்வு, சுழற்சியின் ஒரு கட்டத்தில் தசைக்காயங்கள் கூடுதல் என்று காட்டிற்று. மொத்தக் காயங்கள் 156 மட்டுமே. முன்நாருக்கும் ஓமோன்களுக்கும் தொடர்புண்டா என்று ஆராய லண்டன் கிங்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு உலகச் சம்மேளனம் பணம் கொடுத்ததும் 2025இலேதான்.

உணவு விஷயம் இதனிலும் அவசரமானது. ஓடும் அளவுக்கு உண்ணாத பெண்ணின் உடல், செலவைக் குறைக்க முதலில் மாதவிடாயை நிறுத்திவிடும்; பின் எலும்பு நலிந்து, மயிரிழை வெடிப்புகள் காணும். கடும் பயிற்சியின் நல்ல அடையாளம் என்று இதனைக் கருதிய பயிற்சியாளரும் இருந்தனர். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் இந்நிலைக்கு ஒரு பெயர் சூட்டி எச்சரிக்கை செய்தது.

2024இல் ஆட்டக்காரர்களின் உலகச் சங்கமும் இங்கிலாந்துச் சங்கமும் லீட்ஸ் பெக்கெற் பல்கலைக்கழகமும் சேர்ந்து, இங்கிலாந்தின் முதற்பிரிவுப் பெண்கள் கழகங்களில் முன்நார்க் காயத்தை ஆராய மூன்றாண்டுத் திட்டமொன்றைத் தொடங்கின. காயப்பட்டவரின் முழங்காலை மட்டும் பாராமல், அவருடைய பிரயாணம், ஓய்வு, பயிற்சிச்சாலை, உடனிருக்கும் உதவியாளர் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வது அதன் நோக்கம். கேள்வியைச் சரியாகக் கேட்டிருக்கிறார்கள் என்று மகிழ்ந்தேன்.

நம் நாட்டுப் பெண் பிள்ளைகளும் இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களல்லர். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி மாணவிகள் அகில இலங்கைப் போட்டிகளில் வாகை சூடியதை இப்பக்கத்து வாசகர் அறிவர். கோடையில் இறுகிப் பாறையாகிவிட்ட தரையில், தமையனின் பழைய சப்பாத்துக்குள் துணியைத் திணித்து அணிந்துகொண்டு சிறுமியர் ஆடுவதை யான் வேறு ஊர்களிற் கண்டிருக்கிறேன். அவர்களுக்காகப் பல்கலைக்கழகங்கள் ஆராயட்டும், சங்கங்கள் பணம் ஒதுக்கட்டும் என்று எழுதலாம்; எழுதவும் வேண்டும். அதுவரை அவர்கள் ஆடாமல் இருக்கப்போவதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்கும் தேகாப்பியாச ஆசிரியை ஒருவரிடம் அந்த ஆறு பயிற்சிகளைப் பற்றிச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “ஐயா, நாற்பது பிள்ளைகள், நான் ஒருத்தி. யாருடைய முழங்கால் உள்ளே மடிகிறதென்று நான் பார்ப்பது?” என்றார். நியாயமான கேள்வி. சுவீடன் நாட்டுப் பயிற்சியில் ஒவ்வொன்றையும் இருவர் இருவராகச் செய்யும் வகையும் உண்டு; ஒரு பிள்ளை செய்ய மற்றப் பிள்ளை எதிரே நின்று முழங்காலைப் பார்க்கலாம் என்றேன். அவர் கைப்பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்து ஆறையும் வரிசையாக எழுதிக்கொண்டார். ஒற்றைக்காலில் நிற்பதா முதலில், இருகாலிற் குந்துவதா என்று திரும்பக் கேட்டுத் திருத்தியும் எழுதினார்.